பதினோரு பேருக்கு அக்கா. உங்கள் அத்தியாயத்தைப் படிக்க யார்?

வாசகர் கடிதம், சுருக்கமாக

சென்னையில் ஒரு பல்கலைக்கழகத் துறையில் முழுநேர ஆய்வு மாணவியாக இருக்கும் 30 வயதுப் பெண் எழுதியிருக்கிறார். சொந்த ஊர் திண்டிவனம் பக்கம் ஒரு கிராமம். பட்டியலினக் குடும்பம், அப்பா, அம்மா இருவருக்கும் கூலி வேலை. அவர்கள் தெருவிலிருந்து பிஎச்.டி.க்கு வந்த முதல் ஆள் இவர்தான். 2023 ஜனவரியில் பதிவு செய்தார். பட்டியலின மாணவர்களுக்கான தேசிய ஃபெல்லோஷிப் வருகிறது. பல மாதத்துக்குச் சேர்த்து ஒரே தடவையாக வருகிறது.

இரண்டு வருடத்துக்கு முன் ஹாஸ்டலில் ஒரு ஜூனியர் அழுதுகொண்டிருந்ததைப் பார்த்து, அவளுடைய ஆய்வுச் சுருக்கத்தை உட்கார்ந்து திருத்திக் கொடுத்திருக்கிறார். அப்படி மூன்று பேரோடு ஆரம்பித்த வாட்ஸ்அப் குழுவில் இன்று பதினோரு பெண்கள். எல்லோருமே வீட்டில் முதல் பட்டதாரிகள். பட்டியலினம், பழங்குடி, மிகப் பிற்படுத்தப்பட்டோர் என்று பலரும் இருக்கிறார்கள். வாணியம்பாடிப் பக்கத்து முஸ்லிம் பெண் ஒருவர், பார்வைக் குறைபாடு உள்ள ஒருவர். சனிக்கிழமை மதியம் கோட்டூர்புரம் அண்ணா நூற்றாண்டு நூலகத்தில் கூடுகிறார்கள். படிவம் நிரப்புவது, ஆங்கிலம் திருத்துவது, அலுவலகத்துக்குத் துணைக்குப் போவது, இரவு பதினொரு மணிக்குப் போனில் தேற்றுவது, எல்லாம் இவர்தான். சொந்த ஆய்வில் ஐந்து மாதமாக ஒரு வரி நகரவில்லை. டாக்டரல் கமிட்டிக் கூட்டத்தில் கைடு, "வந்த வேலையைப் பார்க்கிறீங்களா, சங்கம் நடத்துறீங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டிருக்கிறார். துறையின் மூத்த பேராசிரியை ஒருவர், குழுவைத் துறையின் கீழ் கொண்டுவந்துவிடலாம் என்கிறார். இதற்கு நடுவில் ஒரு ஜூனியர், தன் கைடு இரவில் தப்பான மெசேஜ்கள் அனுப்புவதாகச் சொல்லி, யாரிடமும் சொல்லக் கூடாது என்று சத்தியம் வாங்கியிருக்கிறாள்.

குழுவை நிறுத்திவிடலாமா? துறையோடு சேர்க்கலாமா? அந்த ரகசியத்தை என்ன செய்வது? நான்கு வருடம் முடிந்தால் பதிவு ரத்தாகிவிடுமா? இவைதான் கேள்விகள். (ஊர், துறை அடையாளங்களை மாற்றியிருக்கிறேன்.)

அன்புள்ள தோழிக்கு,

உங்கள் கடிதம் ஆறு பக்கம். பதினோரு பெண்களின் ஆய்வுத் தலைப்பையும் ஒன்று விடாமல் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் தலைப்பு மட்டும் அதில் இல்லை. நாலாவது பக்கத்தில், வேறு எதையோ சொல்லும்போது, "என் மூன்றாவது அத்தியாயத்தில் பெண்களின் கூலி பற்றிய ஒரு அட்டவணை பாதியில் நிற்கிறது" என்று ஒரே ஒரு வரி வருகிறது. எனக்கு அந்த வரியிலேயே மனசு நின்றுவிட்டது.

முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். நீங்கள் செய்துகொண்டிருப்பது வீண் வேலை இல்லை. "நானே தட்டுத் தடுமாறி வந்தவள், எனக்கு யாருக்கு வழிகாட்டத் தகுதி?" என்று கேட்டிருக்கிறீர்கள். பேராசிரியர் வீட்டுப் பிள்ளைக்குச் சாப்பிட உட்காரும்போதே காதில் விழுகிற விஷயங்கள், நம்மைப் போன்றவர்களுக்கு ஹாஸ்டல் வராந்தாவில்தான் கிடைக்கும். ஃபெல்லோஷிப் தொடர்ந்து வரத் தர வேண்டிய கன்டினியூவேஷன் சர்டிஃபிகேட்டில் யார் யார் கையெழுத்து வேண்டும், எந்த செக்‌ஷனில் எத்தனை மணிக்கு ஆள் இருப்பார், கைடு "பார்க்கலாம்" என்றால் அதற்கு என்ன அர்த்தம், இதையெல்லாம் எந்தக் கையேட்டிலும் போடுவதில்லை. நேற்று அந்த வழியில் நடந்தவள்தான் இன்று வருபவளுக்குச் சொல்ல முடியும். ஐம்பது ஆய்வுக் கட்டுரை எழுதிய பேராசிரியருக்கு அது மறந்தே போயிருக்கும்.

என் அனுபவம் ஒன்று. நானும் முதல் பட்டதாரிதான். எம்.ஃபில். படித்தபோது என் முதல் அத்தியாயம் திரும்பி வந்தது. முதல் பக்கத்தில் சிவப்பு மையில் 'மொழி சரியில்லை' என்று குறுக்கே எழுதியிருந்தது. அதை டிரங்குப் பெட்டியின் அடியில், புடவைக்குக் கீழே ஒளித்து வைத்தேன். இரண்டு வாரம் யாரிடமும் பேசவில்லை. ஒரு நாள் என் அறைத்தோழி, ராமநாதபுரத்துக்காரி, எதையோ தேடும்போது அதைப் பார்த்துவிட்டாள். ஒன்றும் சொல்லாமல் போய்த் தன் பையிலிருந்து அவளுடைய அத்தியாயத்தை எடுத்து வந்து பக்கத்தில் வைத்தாள். அதே கையெழுத்து, அதே இரண்டு வார்த்தை. இரண்டையும் புரட்டிப் பார்த்தோம். முதல் பக்கத்தைத் தாண்டி எங்கேயும் ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை. அவர் இரண்டு பேருடையதையும் உள்ளே படிக்கவே இல்லை என்று அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது. அதுவரை என் ஒருத்தியின் அவமானமாக இருந்தது, அந்த நிமிடத்தில் வெறும் தகவலாகிவிட்டது. நீங்கள் சனிக்கிழமை தோறும் செய்கிற வேலையும் இதுவேதான்.

1978-ல் பாலின் கிளான்ஸ், சூசேன் ஐம்ஸ் என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் ஒரு கட்டுரை எழுதினார்கள். நன்றாகச் சாதித்த பெண்களே 'எனக்கு உண்மையில் தகுதி இல்லை, என்றைக்காவது மாட்டிக்கொள்வேன்' என்று உள்ளுக்குள் நடுங்குவதை அதில் விவரித்தார்கள். அவர்கள் பார்த்த பெண்கள் பெரும்பாலும் வசதியான வெள்ளைக்காரக் குடும்பத்தினர். நம் கதை கொஞ்சம் வேறு. இங்கே அந்த எண்ணம் மனதில் தானாக முளைப்பதில்லை. 'கோட்டாவில் வந்தவள்' என்று காதுபடச் சொல்லிச் சொல்லி விதைக்கிறார்கள். ஆனாலும் அந்த இருவர் பரிந்துரைத்த வழிகளில் ஒன்று நமக்கும் பொருந்தும். இதே தவிப்பு உள்ள பெண்களைக் குழுவாக உட்கார வைத்துப் பேசவிட்டபோது, எதிரில் இருப்பவளின் பயம் எவ்வளவு ஆதாரமில்லாதது என்று ஒவ்வொருத்திக்கும் தெரிந்தது. அதைப் பார்த்துத் தன் பயத்தையும் சந்தேகப்பட ஆரம்பித்தார்கள்.

சரி, அப்படியென்றால் எது தவறிப்போனது? குழு தவறில்லை. குழுவில் உங்கள் இடம்தான் தவறிப்போயிருக்கிறது. சகா என்றால் கொடுப்பதும் வாங்குவதும் இரண்டு பக்கமும் நடக்க வேண்டும். கடிதத்தை மறுபடியும் படித்துப் பார்த்தேன். இந்த இரண்டு வருடத்தில் உங்கள் எழுத்தை அந்தப் பதினோரு பேரில் ஒருத்திகூடப் படித்ததாக எங்கேயும் இல்லை. நீங்கள் காட்டவே இல்லை. ஜூனியர்கள் முன்னால் பாதியில் நிற்கும் அட்டவணையைக் காட்ட அக்காவுக்குக் கூச்சமாக இருந்திருக்கும். ஆகவே அங்கே நீங்கள் சகா இல்லை, சம்பளமில்லாத அலுவலர்.

இது உங்கள் குணக்கோளாறு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். 2021-22 அகில இந்திய உயர்கல்விக் கணக்கெடுப்பின்படி நாட்டில் பிஎச்.டி. படிப்பவர்கள் சுமார் 2.12 லட்சம், அதில் பெண்கள் ஏறக்குறைய 99 ஆயிரம். கிட்டத்தட்டச் சரிபாதி. ஆனால் ஆசிரியர் வரிசையில் பட்டியலினத்தவர் 9.1 சதவீதம், பழங்குடியினர் 2.5 சதவீதம்தான். கீழே வந்து சேரும் பெண்கள் ஏராளம். மேலே, நம் வீட்டு நிலைமை தெரிந்து கைகொடுக்க ஆள் குறைவு. அந்த இடைவெளியில் யார் நிற்கிறாரோ அவர் தலையில் எல்லாப் பாரமும் வந்து விழும். அமதோ பதியா என்ற அமெரிக்க அறிஞர் 1994-ல் இதற்குப் 'பண்பாட்டு வரி' என்று பெயர் வைத்தார். சிறுபான்மை இனத்திலிருந்து வந்த ஓர் ஆசிரியர், தன் இன மாணவர்கள் அத்தனை பேருக்கும் ஆலோசகராகவும், எல்லாக் குழுவுக்கும் பிரதிநிதியாகவும் இருக்க வேண்டியிருக்கிறது. பதவி உயர்வு வரும்போது அதில் ஒன்றும் கணக்கில் வருவதில்லை என்றார். நீங்கள் அந்த வரியை ஆசிரியராவதற்கு முன்பே கட்டிக்கொண்டிருக்கிறீர்கள்.

அதனால் 'நிறுத்துவதா, தொடர்வதா' என்ற கேள்வியை நான் ஏற்கவில்லை. நிறுத்த வேண்டாம். அக்கா நாற்காலியிலிருந்து இறங்கி, மற்றவர்களோடு தரையில் உட்காருங்கள். எப்படி என்று சொல்கிறேன்.

குழுவை எப்படி மாற்றுவது

சகாக்கள் எல்லோரும் ஒரே மாதிரி இல்லை. வேலையிடத்து உறவுகளை ஆராய்ந்த கேத்தி கிராம், லின் இசபெல்லா இருவரும் 1985-ல் மூன்று விதம் சொன்னார்கள். தகவல் மட்டும் பரிமாறிக்கொள்ளும் சகா ஒரு விதம். வேலையைப் பார்த்து வெளிப்படையாகக் கருத்துச் சொல்லும் சகா இன்னொரு விதம். மனதில் உள்ள எல்லாவற்றையும் கொட்டக்கூடிய நெருங்கிய சகா மூன்றாவது விதம். முதல் வகை ஒருவருக்குப் பல பேர் இருக்கலாம். கடைசி வகை ஒன்றிரண்டு பேர்தான் தாங்கும். நீங்கள் பதினோரு பேருக்கும் கடைசி வகையாக இருக்கப் பார்க்கிறீர்கள். யாராலும் முடியாது.

தகவலைப் பொதுவில் வையுங்கள். ஒரே ஃபெல்லோஷிப் படிவத்தைப் பதினோரு முறை விளக்க வேண்டியதில்லை. கூகுள் டாக்கில் ஒரு கோப்பு போதும்: எந்தப் படிவம், என்ன இணைப்பு, யார் கையெழுத்து, எங்கே தாமதமாகும். கடைசியாக அந்த வேலையை முடித்தவள் எழுத வேண்டும். தமிழிலேயே எழுதுங்கள், நாலு வரி போதும்.

எழுத்தைப் பார்க்க, உங்களையும் சேர்த்துப் பன்னிரண்டு பேரை மும்மூன்றாகப் பிரித்துவிடுங்கள். ஆய்வுத் தலைப்பு ஒத்துப்போக வேண்டும் என்றுகூட இல்லை. ஒரு சனிக்கிழமை ஒருத்தியின் நான்கு பக்கம், முக்கால் மணி நேரம். எழுதியவள் முதலில் தனக்கு என்ன உதவி வேண்டும் என்று சொல்லட்டும்: 'வாதம் புரிகிறதா பாருங்கள், ஆங்கிலத்தை விடுங்கள்' என்பது போல. இதைச் சொல்லாவிட்டால் எல்லோரும் ஸ்பெல்லிங்கைத் திருத்திவிட்டு எழுந்துவிடுவார்கள். பன்னிரண்டு பேரும் சேர்ந்து மாதம் ஒரு முறை கூடினால் போதும். கூட்டத்தை நடத்துவது முறை வைத்து மாறட்டும்.

இரவுப் போனுக்கு ஒரு நேரம் வையுங்கள். ஒன்பது மணிக்கு மேல் எடுக்க மாட்டேன் என்று குழுவில் நீங்களே எழுதிவிடுங்கள். உயிர் பயம் என்றால் மட்டும் விதிவிலக்கு. 'நான் எடுக்காவிட்டால் அவள் ஊருக்குப் போய்விடுவாள்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் பார்த்தவரை, ஒருத்தியை மட்டும் நம்பி நிற்கும் பெண்தான் அந்த ஒருத்தி ஊருக்குப் போன வாரத்தில் உடைந்துபோகிறாள். இரண்டு பேரிடம் பேசப் பழகியவள் தாங்குகிறாள்.

இன்னொன்று. எல்லோரும் முதல் பட்டதாரி என்பதால் எல்லோர் கஷ்டமும் ஒன்று என்று நினைத்துவிடக் கூடாது. ஹாஸ்டலில் சாதி கேட்கப்படும் பெண்ணின் நாளும், வீட்டுக்கு ஐந்தரைக்குள் போய்ச் சேர வேண்டிய பெண்ணின் நாளும் வேறு வேறு. உங்களுக்குத் தெரியாததைத் தெரிந்ததாகக் காட்டாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

துறையின் கீழ் போகலாமா?

உங்கள் தோழிகள் 'துறையிடம் கொடுத்தால் அது அவர்கள் கூட்டமாகிவிடும்' என்று பயப்படுவதில் நியாயம் இருக்கிறது. வருகைப் பதிவேடும் மாதாந்திர அறிக்கையும் வந்துவிட்டால், கைடைப் பற்றி அங்கே யாரும் வாய் திறக்க மாட்டார்கள். ஆனால் அந்தப் பேராசிரியையை விலக்கியும் விடாதீர்கள். நல்ல மனதோடு கேட்பவர் போலத்தான் தெரிகிறது. சகாக்களால் செய்ய முடியாத சில வேலைகள் உண்டு. பரிந்துரைக் கடிதம் தருவது, கருத்தரங்கில் நாலு பேருக்கு அறிமுகம் செய்வது, துறைக் கூட்டத்தில் உங்கள் பெயரைச் சொல்வது. அதற்கு அதிகாரம் உள்ள ஆள் வேண்டும். அவரிடம் இப்படிக் கேளுங்கள்: சனிக்கிழமை மதியம் ஒரு அறை, அச்செடுக்கக் கொஞ்சம் வசதி, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை அவரே வந்து ஒரு மணி நேரம். கூடவே, குழுவை நீங்கள் தொடங்கி நடத்தியதாகத் துறையிலிருந்து ஒரு கடிதம். கடைசியில் சொன்னது கட்டாயம். நாளை உதவிப் பேராசிரியர் வேலைக்கு விண்ணப்பிக்கும்போது இந்த உழைப்பு காகிதத்தில் இருக்க வேண்டும்.

புதிதாகச் சேரும் மாணவிகளுக்கு விதிமுறைகளைச் சொல்லித்தருவது துறையின் கடமை என்பதையும் அவரிடம் சொல்லுங்கள். நீங்கள் இலவசமாகச் செய்வதால் அவர்கள் செய்யாமல் இருந்துவிடக் கூடாது. பாகுபாடு பற்றிய புகாருக்கு 2012-ன் பல்கலைக்கழக மானியக் குழு (யு.ஜி.சி.) விதிகள் சம வாய்ப்பு மையத்தையும், பேராசிரியர் நிலையில் ஓர் அலுவலரையும் கேட்கின்றன. மற்ற குறைகளுக்கு 2023 விதிகளின்படி மாணவர் குறைதீர்ப்புக் குழு இருக்க வேண்டும். அதில் ஒரு பெண்ணும், பட்டியலினம், பழங்குடி அல்லது பிற்படுத்தப்பட்டோரில் ஒருவரும் இடம்பெற வேண்டும். 15 வேலை நாளில் அது அறிக்கை தர வேண்டும். இவர்கள் பெயரும் அறை எண்ணும் உங்கள் பொதுக் கோப்பில் முதல் பக்கத்தில் இருக்கட்டும்.

ஜூனியர் சொன்ன ரகசியம்

இங்கே கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். 'எங்களுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளலாம், அவரை ஒரு தடவை நேரில் பார்த்து எச்சரிக்கலாமா' என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டாம். அவர் உஷாராகிவிடுவார், மெசேஜ்கள் அழியும், அவளுடைய ஆய்வில் பழிவாங்குவார். குழு ஆறுதல் தரும் இடம். விசாரணை நடத்தும் இடமில்லை. மற்ற பத்துப் பேருக்கும் இது தெரியவே வேண்டாம்.

அவளைத் தனியாகச் சந்தியுங்கள். மெசேஜ்களைத் தேதியோடு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, போனைத் தவிர வேறொரு இடத்திலும் சேமிக்கச் சொல்லுங்கள். எதையும் அழிக்க வேண்டாம். பிறகு அவளுக்குத் தெரியாத மூன்று விஷயங்களைச் சொல்லுங்கள். ஒன்று, பாலியல் தொல்லைப் புகார்களை விசாரிக்கப் பல்கலைக்கழகத்தில் இருக்கும் உள்ளகப் புகார்க் குழுவிடம் எழுத்தில் புகார் தர, சம்பவம் நடந்ததிலிருந்து மூன்று மாதம் அவகாசம். தொடர்ந்து நடந்தால் கடைசிச் சம்பவத்திலிருந்து கணக்கு. தகுந்த காரணம் இருந்தால் இன்னும் மூன்று மாதம் வரை குழு நீட்டிக்கலாம். இரண்டு, பெயரை வெளியிடக் கூடாது என்பது சட்டம். மூன்று, அவள் பயமே இதுதான் என்பதால் அழுத்திச் சொல்கிறேன்: விசாரணை நடக்கும்போது அவளுடைய வேலையை அந்த ஆசிரியர் மதிப்பிடாமல் தடுத்து வைக்க 2015-ன் யு.ஜி.சி. விதிகளில் இடம் இருக்கிறது. 'புகார் கொடுத்தால் என் பிஎச்.டி. அவர் கையில்' என்பது அப்படியே உண்மையில்லை.

புகார் கொடுப்பதா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும். நீங்கள் சத்தியத்தை மீறி எங்கேயும் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அதே சமயம் 'எனக்குத் தெரிந்ததை மட்டும் வைத்து உன்னைக் காப்பாற்ற முடியாது, வா, தெரிந்தவரிடம் போகலாம்' என்று திரும்பத் திரும்பச் சொல்லலாம். 181 பெண்கள் உதவி எண்ணில் பெயர் சொல்லாமல் ஆலோசனை கேட்கலாம். அவள் உயிருக்கு ஆபத்து என்று தோன்றினால் மட்டும் ரகசியம் பார்க்க வேண்டாம். உடனே ஆள் கூப்பிடுங்கள்.

நான்காவது ஆண்டு, கைடு, தூக்கம்

நான்கு வருடத்தில் பதிவு ரத்தாகிவிடும் என்று யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. 2022 நவம்பரில் வந்த யு.ஜி.சி. விதிகளின்படி பிஎச்.டி.க்குக் குறைந்தது மூன்று வருடம், அதிகபட்சம் ஆறு வருடம். மறுபதிவு செய்தால் இன்னும் இரண்டு வருடம் வரை கிடைக்கும்; பெண்களுக்கு மேலும் இரண்டு வருடச் சலுகை உண்டு, மொத்தம் பத்தைத் தாண்டக் கூடாது. உங்கள் பல்கலைக்கழக ஆணையில் என்ன இருக்கிறது என்று பதிவுக் கடிதத்தைப் பார்த்துவிடுங்கள். நீங்கள் கவலைப்பட வேண்டியது வேறு. ஃபெல்லோஷிப் ஐந்து வருடம்தான். முதல் இரண்டு வருடம் மாதம் 37,000, பிறகு சீனியர் நிலையில் 42,000. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. வீட்டுக்கு மாதாமாதம் பணம் அனுப்புகிறீர்கள். ஆகவே உங்கள் கெடு 2027 டிசம்பர் என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள்.

கைடு எல்லோர் முன்னாலும் அப்படிக் கேட்டது தவறு. ஆனால் ஐந்து மாதம் அத்தியாயம் வரவில்லை என்று கேட்க அவருக்கு உரிமை உண்டு. அந்தப் பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். மன்னிப்புக் கேட்டுப் போக வேண்டாம். ஒரு பக்கத்தில் தேதி போட்டு எழுதிக்கொண்டு போங்கள்: அட்டவணை என்றைக்கு, முதல் வரைவு என்றைக்கு, அவர் திருத்தம் என்றைக்கு வேண்டும். பேசி முடித்ததும் அதையே மின்னஞ்சலாக அனுப்பிவிடுங்கள். குழுவைப் பற்றி அவராகக் கேட்டால், சனிக்கிழமை இரண்டு மணி நேரம், அங்கேதான் என் அத்தியாயத்தையும் படிக்கக் கொடுக்கிறேன் என்று சொல்லுங்கள். அதைச் சொல்லும்போது அது உண்மையாக இருக்க வேண்டும்.

இரண்டு மாதமாகத் தூக்கம் இல்லை, விடிகாலையில் நெஞ்சு படபடக்கிறது என்று ஓரத்தில் எழுதி, மேலே ஒரு கோடும் போட்டிருக்கிறீர்கள். நான் அதையும் படித்துவிட்டேன். இதைத் தள்ளிப் போடாதீர்கள். 14416 என்ற டெலி மானஸ் எண்ணில், அதாவது அரசின் மனநல உதவி எண்ணில், எந்த நேரத்திலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் புறநோயாளிப் பிரிவு இருக்கிறது. காலையில் போனால் பார்த்துவிடலாம். மற்ற பெண்களை எத்தனை தடவை ஆஸ்பத்திரிக்குத் துணைக்குக் கூட்டிப் போயிருக்கிறீர்கள்? இந்த முறை அவர்களில் ஒருத்தியைக் கூட வரச் சொல்லுங்கள்.

இந்தச் சனிக்கிழமை யாருடைய பக்கங்களையும் கையில் வாங்காதீர்கள். உங்கள் கூலி அட்டவணையை, பாதியில் நிற்கிறபடியே, அச்செடுத்துக்கொண்டு போங்கள். எந்தக் கட்டத்தில் என்ன எண் வர வேண்டும், ஏன் வரவில்லை என்று அவர்களிடம் சொல்லிப் பாருங்கள். பார்வைக் குறைபாடு உள்ள தோழிக்கு முந்தின நாளே மின்னஞ்சலில் அனுப்பிவிடுங்கள்; போட்டோ எடுத்து அனுப்ப வேண்டாம், வேர்டு கோப்பாக அனுப்புங்கள், அப்போதுதான் அவருடைய ஸ்கிரீன் ரீடர் ஒவ்வொரு கட்டமாகப் படிக்கும். யார் என்ன சொன்னார்கள் என்று எனக்கு எழுதுங்கள். அந்தக் கடிதத்தில் உங்கள் ஆய்வுத் தலைப்பையும் முழுதாக எழுதுங்கள்.